சேகாவுக்குச் சனி பிடித்த கதை

1995-ஆம் ஆண்டு மே 11. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வீடியோ கேம் தொழிலுக்கென்றே முதன்முதலாக நடந்த இ-3 கண்காட்சி. மேடை ஏறியவர் டாம் கலின்ஸ்கி, ஜப்பானின் சேகா கம்பெனிக்கு அமெரிக்காவில் தலைவராக இருந்தவர்.

சேகாவின் புதிய கன்சோலுக்குப் பெயர் சாட்டர்ன். சாட்டர்ன் என்றால் சனி. அது செப்டம்பர் 2-ஆம் தேதி, அதுவும் ஒரு சனிக்கிழமையில் கடைக்கு வரும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். கடைக்காரர்கள் அந்தத் தேதிக்குத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். கேம் எழுதுபவர்களும் அந்தத் தேதியைக் குறிவைத்துத்தான் வேலை செய்து கொண்டிருந்தார்கள்.

கலின்ஸ்கி மேடையில் சொன்னது வேறு. சாட்டர்னின் விலை 399 டாலர். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், 30,000 பெட்டிகள் ஏற்கெனவே குறிப்பிட்ட சில கடைகளுக்குப் போய்விட்டன, இன்றே வாங்கலாம்!

அதே நாளில் சோனியின் முறை வந்தது. சோனியின் முதல் கன்சோலான பிளேஸ்டேஷன் அமெரிக்காவுக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்: "299." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். அரங்கத்தில் கைதட்டல்.

நான்கு மாதம் முந்திக்கொண்ட சேகா அந்தப் பந்தயத்தில் தோற்றது. ஆறு ஆண்டுகளுக்குள் கன்சோல் செய்யும் தொழிலை விட்டே வெளியேறியது. ஏழரை ஆண்டு கூடத் தேவைப்படவில்லை!

ஏன் இப்படி ஆனது? முதலில் வருபவர்தானே ஜெயிக்க வேண்டும்? "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் நம் ஊரில் பழமொழி உண்டு, "பதறாத காரியம் சிதறாது" என்றும் பழமொழி உண்டு. ஒரு கன்சோல் கம்பெனி அடுத்த பெட்டியை எப்போது விடுவது என்று யோசிக்கும்போது இந்த இரண்டில் எதைக் கேட்பது? சேகாவின் கதையில் இதற்கு விடை இருக்கிறது.

பெட்டியில் லாபம் இல்லை

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் பிரிண்டரை யோசித்துப் பாருங்கள். பிரிண்டர் மலிவாகக் கிடைக்கும், பிறகு மை வாங்கும்போதுதான் கம்பெனி சம்பாதிக்கும். கன்சோலும் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டியைக் குறைந்த லாபத்துக்கோ, ஆரம்ப நாட்களில் நஷ்டத்துக்கோ கூட விற்பார்கள். அதன்பின் விற்கும் ஒவ்வொரு கேமிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு போகும். வெளியார் எழுதும் கேமாக இருந்தாலும் அந்தப் பங்கு உண்டு.

ஆகவே ஒரு கன்சோலின் கடைசி ஆண்டுகள்தான் அறுவடைக் காலம். கோடிக்கணக்கான வீடுகளில் பெட்டி இருக்கிறது, உள்ளே உள்ள சிப்புகளின் விலை இறங்கிவிட்டது, கேம் எழுதுபவர்களுக்கு அந்த இயந்திரத்தின் நெளிவு சுளிவுகள் எல்லாம் அத்துப்படி. புதிய கன்சோல் வெளியாகும் நாளில் நிலைமை நேர் எதிர். அதை வைத்திருப்பவர் ஒருவர் கூட இல்லை. ஆள் இல்லாததால் கேம் எழுத யோசிப்பார்கள், கேம் இல்லாததால் வாங்க யோசிப்பார்கள். கோழியா முட்டையா என்ற கதைதான்.

இந்தப் பள்ளத்தைத் தாண்டப் பணம் வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் பழைய பெட்டியின் அறுவடையிலிருந்துதான் வரும். அதோடு நம்பிக்கையும் வேண்டும். "போன தடவை வாங்கினோம், ஏமாற்றவில்லை, இந்தத் தடவையும் வாங்கலாம்" என்று மக்கள் நினைக்க வேண்டும். கடைக்காரரும் கேம் எழுதுபவரும் கூட அப்படி நினைக்க வேண்டும்.

சேகா பணத்தையும் இழந்தது, நம்பிக்கையையும் இழந்தது. அதுவும் நல்ல நிலையில் இருந்தபோதே!

முந்தியதால் வந்த வெற்றி

சேகாவுக்கு அவசரம் ஒரு பழக்கமாக மாறியதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை முந்தியபோது அது பலித்துவிட்டது.

1980களில் வீடியோ கேம் என்றால் நின்டென்டோதான். 1983-ல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம், பிறகு என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. உலகம் முழுவதும் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. (90களில் தமிழ்நாட்டு வீடுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் ஓடிய பெட்டிகளில் பலவும் இந்த ஃபாமிகாமின் நகல்கள்தான். ஒரு நல்ல பெட்டிக்கு ஆயுள் எவ்வளவு நீளம் என்பதற்கு இதுவே சாட்சி.) அதை எதிர்த்துச் சேகா விட்ட 8-பிட் பெட்டியான மாஸ்டர் சிஸ்டம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எடுபடவில்லை.

எனவே சேகா அடுத்த தலைமுறைக்குத் தாவியது. 1988 அக்டோபரில் ஜப்பானில் 16-பிட் மெகா டிரைவ் வந்தது. 1989-ல் அதே பெட்டி ஜெனிசிஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. நின்டென்டோ அவசரப்படவில்லை. அதன் 8-பிட் பெட்டி இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. நின்டென்டோவின் 16-பிட் பெட்டியான சூப்பர் ஃபாமிகாம் ஜப்பானுக்கு வந்தது 1990 நவம்பரில். அமெரிக்காவுக்கு 1991 ஆகஸ்டில்.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளியைச் சேகா அமெரிக்காவில் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 1990-ல் பொம்மைத் தொழிலில் அனுபவம் உள்ள கலின்ஸ்கி வந்து சேர்ந்தார். பெட்டியின் விலையைக் குறைத்தார். 1991-ல் வெளியான சோனிக் என்ற நீல நிற முள்ளெலி கேமைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். அசைக்க முடியாது என்று நினைத்த நின்டென்டோவை அமெரிக்காவில் சில காலம் சேகா பின்னுக்குத் தள்ளியது. உலகம் முழுவதும் மெகா டிரைவ் சுமார் 3 கோடி விற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேகா முந்தியது சரி. ஆனால் முந்தும்போது அதற்கு இழக்க ஒன்றுமில்லை. அதன் பழைய பெட்டி அமெரிக்காவில் யார் வீட்டிலும் பெரிதாக இல்லை. அறுவடைக்குப் பயிர் இல்லாதவன் புதிதாக உழுவதில் தவறில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து நிலைமை அப்படி இல்லை. சேகாவின் வயலில் பயிர் விளைந்து நின்றது.

ஒரே கம்பெனிக்கு இரண்டு கடிகாரம்

இதில் ஒரு சிக்கல். மெகா டிரைவ் ஜெயித்தது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான். சொந்த ஊரான ஜப்பானில் அது சூப்பர் ஃபாமிகாமுக்கும் என்.இ.சி.யின் பி.சி. எஞ்சினுக்கும் பின்னால் மூன்றாம் இடத்தில் இருந்தது.

டோக்கியோவில் உட்கார்ந்திருந்த சேகா தலைவர் ஹயாவோ நகயாமாவின் பார்வையில், மெகா டிரைவ் முடிந்துபோன கதை. அடுத்த பெட்டி உடனே வேண்டும். கலிஃபோர்னியாவில் இருந்த கலின்ஸ்கியின் பார்வையில், மெகா டிரைவ் இன்னும் பால் கறக்கும் பசு. இரண்டு பேர் சொன்னதும் அவரவர் நாட்டுக்குச் சரி! ஆனால் முடிவெடுக்கும் இடம் டோக்கியோ.

இரண்டையும் சமாதானப்படுத்த நடுவில் ஒரு வழி தேடினார்கள். அங்கேதான் வினை ஆரம்பம்.

ஏற்கெனவே 1991-ல் ஜப்பானிலும் 1992-ல் அமெரிக்காவிலும் மெகா-சி.டி. என்ற ஒரு துணைப் பெட்டி வந்திருந்தது. மெகா டிரைவோடு இணைத்தால் சி.டி.யில் வரும் கேம்களை ஆடலாம். அமெரிக்காவில் விலை 299 டாலர். மெகா டிரைவ் வைத்திருந்த 3 கோடி பேரில் அதை வாங்கியவர்கள் சுமார் 22 லட்சம் பேர்தான். அதற்கு வந்த நல்ல கேம்களும் குறைவு.

அடுத்து 1994 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது 32எக்ஸ். இதுவும் மெகா டிரைவின் தலையில் செருகும் ஒரு துணைப் பெட்டி. விலை 159 டாலர். 16-பிட் பெட்டியை 32-பிட் ஆக்கிவிடும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்குப் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுத்தார்கள்.

அதே நவம்பர் 22-ஆம் தேதி ஜப்பானில் சேகா வேறொன்றை விற்கத் தொடங்கியது. அதுதான் சாட்டர்ன். அதுவும் 32-பிட்! ஆனால் 32எக்ஸ் கேம் சாட்டர்னில் ஓடாது, சாட்டர்ன் கேம் 32எக்ஸில் ஓடாது. ஒரே மாதத்தில் ஒரே கம்பெனி, ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு பொருட்களை வெவ்வேறு கண்டங்களில் இறக்கியது.

கேம் எழுதுபவர்களுக்கு இது உடனே புரிந்துவிட்டது. ஜப்பானில் சாட்டர்ன் வந்துவிட்டது, அமெரிக்காவுக்கும் வரத்தான் போகிறது, பிறகு யார் 32எக்ஸுக்கு எழுதுவார்கள்? மொத்தம் 40 கேம் வந்ததோடு அது நின்றுபோனது. பெட்டி 10 லட்சம் கூட விற்கவில்லை. 159 டாலருக்கு விற்றதைக் கடைசியில் 20 டாலருக்குக் கூடையில் போட்டுத் தள்ளினார்கள். 1994 கிறிஸ்துமஸுக்கு வாங்கியவர்கள் வீட்டில் அது ஒரு வருடத்துக்குள் தூசி படிந்த பிளாஸ்டிக்காக மாறியது.

அதே நவம்பரில் நின்டென்டோ என்ன செய்தது தெரியுமா? புதிய பெட்டி எதையும் விடவில்லை. தன் பழைய 16-பிட் பெட்டிக்கே ஒரு புதிய கேமை விட்டது. பெயர் டாங்கி காங் கன்ட்ரி. முப்பரிமாணத்தில் உருவாக்கிய படங்களைப் பழைய பெட்டியிலேயே காட்டி அசத்தினார்கள். அந்தக் கேம் 90 லட்சத்துக்கும் மேல் விற்றது. புதிதாகப் பெட்டி வாங்கச் சொல்லாமலேயே, "உங்களிடம் இருக்கும் பெட்டி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது" என்று வாடிக்கையாளருக்குச் சொன்ன மாதிரி ஆயிற்று.

நான்கு மாதத்தின் விலை

இப்போது மறுபடியும் 1995 மே மாதத்துக்கு வருவோம். சோனி வருவதற்குள் கொஞ்சமாவது முன்னால் போய்விட வேண்டும் என்பது டோக்கியோவின் உத்தரவு. அவசரக் கோலம் அள்ளித் தெளித்தது போல ஆனது அந்த வெளியீடு.

முதல் அடி கடைக்காரர்களிடமிருந்து வந்தது. இருந்ததே 30,000 பெட்டிதான். அதனால் நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் செய்தியே மேடை அறிவிப்பில்தான் தெரிந்தது. கே.பி. டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடைத் தொடர் கோபத்தில் சேகா பொருட்களையே விற்பதை நிறுத்திவிட்டது.

இரண்டாவது அடி கேம் எழுதுபவர்களிடம். அவர்கள் செப்டம்பருக்குத்தான் கேம் முடிப்பதாக இருந்தார்கள். ஆகவே மே மாதம் சாட்டர்ன் வாங்கியவருக்குக் கிடைத்தவை ஆறு கேம்கள்தான். அடுத்த சில மாதங்களுக்குப் புதிதாக வாங்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு மாதம் முந்தியதாகச் சேகா நினைத்தது. உண்மையில் முந்தியது பெட்டி மட்டும்தான், கேம்கள் முந்தவில்லை.

மூன்றாவது அடி பெட்டிக்குள்ளேயே இருந்தது. சாட்டர்னில் இரண்டு முதன்மை பிராசஸர்கள், படத்துக்கென்று தனியாக இரண்டு சிப்புகள். இரண்டு மாடுகளையும் ஒரே வேகத்தில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்த வண்டி நன்றாக ஓடும். சோனியின் பெட்டி எளிமையானது. எழுதுவதற்கான கருவிகளையும் சோனி நன்றாகத் தயாரித்துக் கொடுத்தது.

1995 செப்டம்பர் 9-ஆம் தேதி பிளேஸ்டேஷன் 299 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. நிறையப் பெட்டிகள், நிறையக் கடைகள், கையில் தயாராகக் கேம்கள். சேகா சில மாதங்களில் சாட்டர்னின் விலையையும் 299-க்கு இறக்க வேண்டியதாயிற்று.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் சாட்டர்ன் தோற்கவில்லை. உலகம் முழுவதும் விற்ற சுமார் 92 லட்சம் சாட்டர்ன்களில் பாதிக்கு மேல் ஜப்பானில்தான் விற்றன. அங்கே அது மெகா டிரைவை விட நன்றாகவே விற்றது. டோக்கியோவின் கடிகாரம் டோக்கியோவுக்குச் சரியாகத்தான் ஓடியது. அந்த நேரத்தை அமெரிக்காவிலும் திணித்ததுதான் தவறு. சாட்டர்னுக்கு வழிவிட மெகா டிரைவைக் கைவிட்டபோது, அமெரிக்காவில் 16-பிட் கேம்கள் இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. அந்த அறுவடை முழுவதும் நின்டென்டோவுக்குப் போனது.

கலின்ஸ்கி 1996-ல் பதவி விலகினார்.

தாமதமும் இலவசமில்லை

அப்படியானால் காத்திருப்பவர்தான் புத்திசாலியா? அதுவும் முழு உண்மை இல்லை. நின்டென்டோவின் அடுத்த பெட்டியான நின்டென்டோ 64 ஜப்பானுக்கு வந்தது 1996 ஜூனில்தான். அதற்குள் பிளேஸ்டேஷன் ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தது. மேலும் எல்லோரும் சி.டி.க்குப் போன பிறகும் நின்டென்டோ கார்ட்ரிட்ஜை விடவில்லை. இடம் போதாமல் ஃபைனல் ஃபேன்டஸி 7 போன்ற பெரிய கேம்கள் சோனி பக்கம் போய்விட்டன. முடிவில் நின்டென்டோ 64 விற்றது 3 கோடியே 29 லட்சம், பிளேஸ்டேஷன் விற்றது 10 கோடிக்கும் மேல்.

ஆனால் நின்டென்டோ சாகவில்லை. பழைய பெட்டிகளின் வருமானம் கையில் இருந்தது. சட்டைப்பையில் போகும் கேம் பாய் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிவியோடு இணைத்து ஆடும் அதன் முக்கியப் பெட்டிகளை வாங்கியவர் யாரும் "ஒரே வருடத்தில் கைவிட்டுவிட்டார்கள்" என்று திட்டவில்லை. தாமதித்தவர் இடத்தை இழந்தார். அவசரப்பட்டவர் பெயரையே இழந்தார்.

நல்ல பெட்டி, கெட்ட பெயர்

சேகாவின் கடைசிப் பெட்டிதான் இந்தக் கதையில் மனதைக் கனக்க வைக்கும் பகுதி.

1997-ல் சேகா அமெரிக்காவின் பொறுப்பில் இருந்த பெர்னி ஸ்டோலர், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சொன்னது உண்மைதான். ஆனால் அடுத்த பெட்டி அமெரிக்காவுக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது! கடைக்காரரே "இந்தச் சரக்கு சீக்கிரம் கெட்டுவிடும்" என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? 1998-ல் அமெரிக்காவில் சாட்டர்ன் நின்றது. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சேகா அங்கே கடை திறந்து வைத்துக்கொண்டு விற்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

1998 நவம்பரில் ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவிலும் ட்ரீம்காஸ்ட் வந்தது. இந்த முறை சேகா கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. எழுதுவதற்கு எளிய பெட்டி. விலை 199 டாலர். முதல் நாளிலேயே பதினெட்டு கேம்கள். இணையத்தில் ஆட உள்ளேயே மோடம். அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் விற்றன.

பிறகு ஏன் தோற்றது? சோனி 1999 மார்ச்சிலேயே, அதாவது ட்ரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே, பிளேஸ்டேஷன் 2 பற்றி அறிவித்துவிட்டது. டி.வி.டி. படமும் பார்க்கலாம், பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் அதில் ஓடும் என்றது. அமெரிக்காவில் அது கடைக்கு வந்தது 2000 அக்டோபரில். ஒரு வருடத்துக்கும் மேல் இடைவெளி! ஆனாலும் ஏராளமானோர் காத்திருந்தார்கள்.

ஏன் காத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம். மெகா-சி.டி. வாங்கியவர், 32எக்ஸ் வாங்கியவர், சாட்டர்ன் வாங்கியவர் எல்லோரும் சேகாவிடம் சூடு கண்டவர்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற மிகப் பெரிய கேம் கம்பெனி ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம் கூட எழுதவில்லை. சோனியை நம்பியவர்களுக்கோ போன தடவை ஏமாற்றம் இல்லை. சோனி சொன்னது வாக்குறுதி மட்டும்தான், சேகாவிடம் இருந்தது பொருள். ஆனாலும் கையிலிருந்த பொருளை விட அந்த வாக்குறுதிக்கு மதிப்பு அதிகமாக இருந்தது.

2001 ஜனவரி 31-ஆம் தேதி சேகா அறிவித்தது: மார்ச்சோடு ட்ரீம்காஸ்ட் தயாரிப்பு நிறுத்தம், இனி கன்சோல் செய்ய மாட்டோம், மற்றவர்கள் பெட்டிக்குக் கேம் மட்டும் எழுதுவோம். மொத்தம் விற்றது சுமார் 91 லட்சம்.

அந்த நேரத்தில் சேகாவின் தலைவராக இருந்தவர் இசாவோ ஒகாவா. வயதானவர், நோயில் இருந்தவர். கம்பெனி மூழ்காமல் இருக்கத் தன் சொந்தச் சொத்திலிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள பங்குகளையும் கடன்களையும் சேகாவுக்கே விட்டுக் கொடுத்தார். 2001 மார்ச் 16-ஆம் தேதி காலமானார். பல ஆண்டு அவசரத்தின் பாக்கியைக் கடைசியில் ஒரு முதியவர் தன் பையிலிருந்து கட்டினார் என்றே சொல்லலாம்.

சோனி செய்த எளிய காரியம்

சோனியின் வழி ஒன்றும் ரகசியம் இல்லை. 2000 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வந்தது. அதோடு பழைய பெட்டியைக் கொன்றுவிடவில்லை. அதே வருடம் ஜூலையில் பழையதைச் சின்னதாக்கி 'பி.எஸ். ஒன்' என்ற பெயரில் மறுபடி விற்றார்கள். முதல் பிளேஸ்டேஷனின் தயாரிப்பு நின்றது 2006-ல்தான். பிளேஸ்டேஷன் 2-க்கும் அதே மரியாதை. பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006-ல், இரண்டாவதின் தயாரிப்பு நின்றதோ 2013-ல். மொத்தம் 15 கோடிக்கும் மேல் விற்று, உலகிலேயே அதிகம் விற்ற கன்சோல் என்று பெயர் வாங்கியது அதுதான்.

புதியது வந்த பிறகும் பழையது ஆறு ஆண்டு வாழ்ந்தால், எந்த மாதத்தில் புதியதை விடுவது என்பது உயிர்போகும் கேள்வியாக இருக்காது. கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும்.

பிறகு வந்தவர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள், சிலர் அடி வாங்கி. மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸை நான்கே ஆண்டில் ஓரங்கட்டி, 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ சோனிக்கு ஒரு வருடம் முன்னால் இறக்கியது. அந்த முந்தல் பலன் கொடுத்தது. 8 கோடிக்கும் மேல் விற்றது. ஆனால் பெட்டிகள் சிவப்பு விளக்கு எரிந்து பழுதாகத் தொடங்கின. 2007-ல் உத்தரவாதத்தை நீட்டிக்க 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டி வந்தது. பழுதானவற்றைச் சரிசெய்து கொடுத்ததால்தான் பெயர் தப்பியது. மைக்ரோசாஃப்டிடம் அந்தப் பணம் இருந்தது. சேகாவிடம் இருந்திருக்காது.

நின்டென்டோவும் ஒரு முறை தடுமாறியது. 10 கோடி விற்ற வீ பெட்டிக்குக் கடைசி ஆண்டுகளில் கேம்கள் வறண்டுபோயின. 2012-ல் வந்த வீ யூ என்பது புதிய பெட்டியா, பழையதற்குத் துணைக் கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றது. பிறகு 2017-ல் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. அதற்கு அடுத்த பெட்டியை எட்டு ஆண்டு கழித்து, 2025 ஜூனில்தான் விட்டார்கள். பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும்படியும் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படியானால் எப்போது?

புதிய சிப் வந்துவிட்டது என்பதற்காக அடுத்த பெட்டியை விட முடியாது. எதிராளி வருகிறான் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. அடுத்த பெட்டிக்கான கேம்கள் தயாரான பிறகு, அதை விற்கும் கடைக்காரருக்குத் தகவல் போன பிறகு, பழைய பெட்டி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே விட வேண்டும். விட்ட பிறகு பழையதை வைத்திருப்பவரைத் தெருவில் நிறுத்தக் கூடாது. அடுத்த பெட்டியின் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

2001 டிசம்பரில், ட்ரீம்காஸ்ட் நின்ற அதே வருடத்தில், ஜப்பானியக் கடைகளில் புதிய சோனிக் கேம்கள் வந்தன. பெட்டியின் மேல் இருந்த பெயர் நின்டென்டோ. பத்து வருடம் முன்பு நின்டென்டோவைத் தோற்கடிக்கவென்றே பிறந்த அந்த நீல முள்ளெலி, அன்று நின்டென்டோ வீட்டிலேயே குடியேறியது. இன்றும் சேகா கேம் எழுதுகிறது, நன்றாகவே எழுதுகிறது. ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒரு பெட்டி இல்லை.

சனியின் மேல் பழி போட்டுப் பயனில்லை. 1994 கிறிஸ்துமஸுக்கு 32எக்ஸ் வாங்கிய பிள்ளைகள் 1999-ல் ஐந்து வயது கூடியிருந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் எதையும் மறக்கவில்லை.